சமயச் சுதந்திரம் பறிபோகும்போது பெண்களுக்கு என்ன நடக்கிறது? – விவாத இழை

கல்லடி டீச்சர் எழுதியது:

சமயச் சுதந்திர மீறல் என்றதும் எங்கள் ஆட்களுக்கு ஞாபகம் வருவது கட்டடம்தான். இடித்த கோயில், எரித்த பள்ளிவாசல், குண்டு வெடித்த தேவாலயம். அதில் பிழை இல்லை. 1990 ஆகஸ்ட் 3 இரவு காத்தான்குடியில் தொழுகையில் நின்றவர்களைப் பள்ளிவாசலுக்குள் வைத்தே சுட்டார்கள். 2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் பலர் ஞாயிறு வகுப்புக்கு வந்த சின்னப் பிள்ளைகள். இதையெல்லாம் மறக்கக் கூடாது.

ஆனால் அதே மீறல் ஒரு பெண்ணின் உடுப்பில், கலியாணத்தில், பிள்ளைப்பேற்றில் நடந்தால் அதை நாம் சமயச் சுதந்திரக் கணக்கில் சேர்ப்பதேயில்லை. "அது பெண்கள் விசயம்" என்று ஒதுக்கிவிடுகிறோம். தரம் 10 பிள்ளைகளுக்குக் குடியுரிமைக் கல்வி படிப்பிக்கும்போது ஒவ்வொரு வருசமும் இது என்னை உறுத்துகிறது.

யசீதி என்ற சிறுபான்மைச் சமயத்துப் பெண்களின் கதையைப் பாருங்கள். 2014 ஆகஸ்ட் 3 அன்று வட ஈராக்கின் சிஞ்சார் பகுதிக்குள் ஐ.எஸ். இயக்கம் புகுந்தது. ஆண்களைக் கொன்றார்கள், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களையும் பிள்ளைகளையும் பிடித்துப்போய் மதம் மாற்றினார்கள், விற்றார்கள். நாடியா முராத் அப்படிப் பிடிபட்டுத் தப்பி வந்தவர். 2018 இல் நோபல் சமாதானப் பரிசு பெற்றார். இதுவரைக்கும் பலருக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். யசீதி வழக்கப்படி வேற்றுச் சமயத்தவரோடு சேர்ந்தவருக்குத் திரும்பி வர வழியில்லை. அவர்களின் ஆன்மிகத் தலைவர் பாபா ஷேக் அந்தக் கட்டுப்பாட்டை உடைத்து, மீண்டு வந்த பெண்கள் எங்கள் பிள்ளைகள்தான் என்றார். பெரிய மனசு. ஆனால் 2019 இல் அவர்களுடைய உயர் ஆன்மிக சபை, பெண்களை ஏற்போம், வன்புணர்வில் பிறந்த பிள்ளைகளை ஏற்கமாட்டோம் என்று சொல்லிவிட்டது. ஈராக் சட்டமும் தகப்பன் முஸ்லிம் என்றால் பிள்ளையை முஸ்லிமாகத்தான் பதியும். அப்படியென்றால் அந்தத் தாய் என்ன செய்வாள்? பிள்ளையை விட்டுவிட்டு ஊருக்குப் போகலாம். இல்லாவிட்டால் பிள்ளையோடு முகாமில் கிடக்கலாம். சமயத்தைச் சொல்லி வெளியார் அவள் உடம்பைப் பறித்தார்கள். அதே சமயத்தைக் காப்பாற்ற என்று சொந்தக்காரர் அவள் பிள்ளையைக் கேட்டார்கள்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது இதுதான். எங்கள் மாவட்டங்களிலும் இதே இரண்டு பக்க இடியைப் பார்த்தவர்கள் இருக்கிறீர்கள். எழுதுங்கள்.


ஸீனத், காத்தான்குடி எழுதியது:

டீச்சர், நன்றி. கொரோனாக் காலத்து ஜனாஸா (பிரேத) விசயத்தில் யாரும் பேசாத ஒன்றைச் சொல்கிறேன்.

2020 ஏப்ரலில் வர்த்தமானி போட்டு, கொரோனாவில் மௌத்தாகும் எல்லோரையும் எரிக்கத்தான் வேண்டும் என்றார்கள். அடக்கலாம் என்று உலக சுகாதார அமைப்பு சொல்லியும் கேட்கவில்லை. அந்த வருசம் டிசம்பரில் பிறந்து இருபதே நாளான குழந்தை ஒன்றையும் எரித்தார்கள். 2021 பெப்ரவரி கடைசியில்தான் அடக்க அனுமதி வந்தது. அதுவும் எங்கள் மாவட்டத்து ஓட்டமாவடி, மஜ்மா நகரில் மட்டும். கொழும்பில் மௌத்தானவரையும் அங்கேதான் கொண்டுவர வேண்டும். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஜனாஸாக்கள் அங்கே கிடக்கின்றன, மற்றச் சமயத்தவர் சிலரும் உட்பட. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

இது எல்லோருக்கும் தெரிந்தது. இனிக் கேளுங்கள். எங்கள் ஊரில் பெண்கள் மையவாடிக்கு, அதாவது அடக்கும் இடத்துக்கு, போவதில்லை. தாயென்றாலும் மகளென்றாலும் அவளுடைய பயணம் சொல்லுதல் வீட்டுக்குள்ளேதான் முடியும். பெண் மையித்தைப் பெண்கள்தான் குளிப்பாட்டுவார்கள். இளஞ்சூட்டுத் தண்ணீர், கற்பூரம், கபன் துணி, பிறகு முகத்தைத் திறந்து வைத்து ஒவ்வொருவராக வந்து பார்ப்பார்கள். மையித்து வீட்டுக்கு வராமலே ஆஸ்பத்திரியிலிருந்து பையில் கட்டிப் போனால், ஆண்கள் நாலு பேராவது தூரத்தில் நின்று பார்க்கலாம். உம்மாவுக்கு ஒன்றுமே இல்லை. எங்கள் பக்கத்து ஒழுங்கையில் ஒரு ராத்தா, உம்மாவின் உடுப்பை எடுத்துக் கழுவி மடித்து, அதற்குப் பக்கத்தில் இருந்து யாஸீன் ஓதினார். குளிப்பாட்ட உடம்பு இல்லை, உடுப்பாவது இருக்கட்டும் என்று. தொலைக்காட்சி விவாதங்களில் உலமாக்கள் பேசினார்கள், எம்.பி.மார் பேசினார்கள். பெண்களுக்கு என்ன பறிபோனது என்று ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.


அக்கரைப்பற்றுக் காக்கா எழுதியது:

ஸீனத் தங்கச்சி சொன்னதை வாசித்து மனசு கலங்கிவிட்டது. ஆனால் இந்த இழை எந்தப் பக்கம் போகப் போகிறது என்று எனக்குத் தெரியும். இன்னும் பத்துப் பேர் எழுதியதும் முஸ்லிம் விவாகச் சட்டம் வந்துவிடும்.

2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை டவுணில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கொத்தில் கருத்தடை மாத்திரை போட்டார்கள் என்று ஒரு கதை. சிங்களம் சரியாக விளங்காத மனிசனைக் கும்பல் சுற்றி நின்று தலையாட்ட வைத்துப் படம் பிடித்தது. கடையை உடைத்தார்கள், பள்ளிவாசலை அடித்தார்கள். பிறகு இரசாயனப் பகுப்பாய்வில் அது வெறும் மாக்கட்டி என்று வந்தது. ஒரு வாரத்தில் கண்டிப் பக்கம் திகன எரிந்தது. அடுத்த வருசம் ஈஸ்டர் குண்டு. அதைச் செய்தவர்கள் எங்களையும் அழித்துவிட்டார்கள் என்றுதான் நான் சொல்வேன். முகம் மூடத் தடை வந்தது. தடை முகத்திரைக்கு மட்டும். ஆனால் ஆஸ்பத்திரியிலும் கந்தோரிலும் ஹபாயா என்ற நீள அங்கியையே கழற்றச் சொன்னார்கள். மகியங்கனைப் பக்கம் ஒரு பெண், உடுப்பில் கப்பல் சுக்கான் படம் இருந்ததற்காக, அது தர்மச் சக்கரம் என்று சொல்லி விளக்கமறியலில் போடப்பட்டார்.

இப்படி வெளியே அடி விழும்போது வீட்டு விசயத்தைத் தெருவுக்குக் கொண்டுவருவது சரியா? காலநேரம் பார்க்க வேண்டாமா?


கல்லடி டீச்சர் எழுதியது:

காக்கா, நீங்கள் எழுதிய அம்பாறைச் சம்பவமே என் பக்கத்துச் சான்று. அந்தப் பொய் எதைப் பற்றியது? சிங்களப் பெண்ணின் கர்ப்பப்பையைப் பற்றியது. 2019 இல் குருநாகல் வைத்தியர் ஒருவரைப் பற்றிக் கிளம்பியதும் அதேதான்: ஆயிரக்கணக்கான தாய்மாருக்குத் தெரியாமல் குடும்பக் கட்டுப்பாடு செய்தார் என்றார்கள். ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வினர் நீதிமன்றத்தில் சொன்னார்கள். அதற்குள் நூற்றுக்கணக்கான சிங்களத் தாய்மார் தங்கள் உடம்பையே சந்தேகித்து முறைப்பாடு கொடுக்க வந்து நின்றார்கள். பெரும்பான்மைப் பெண்ணையும் இது விடவில்லை. அவளுடைய வயிறும் இனத்தின் சொத்தாகிவிட்டது.


ஸீனத், காத்தான்குடி எழுதியது:

அக்கரைப்பற்றுக் காக்கா, "காலநேரம்" என்ற சொல்லை நான் உம்மாவின் காலத்திலிருந்தே கேட்கிறேன். தொண்ணூறில் பிரச்சினை, பொறு. சுனாமி, பொறு. யுத்தம் முடியட்டும், பொறு. அளுத்கம, திகன, ஈஸ்டர், கொரோனா. எந்த வருசம்தான் காலம் நல்ல காலம்?

நீங்களே பெயரை எடுத்துவிட்டீர்கள், சரி, சொல்கிறேன். 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் குறைந்தபட்ச வயது இல்லை. பன்னிரண்டு வயசுக்குக் கீழ் என்றால் காதியின், அதாவது முஸ்லிம் விவாக நீதிபதியின், அனுமதி வேண்டும், அவ்வளவுதான். நாட்டின் மற்றவர்களுக்கு 1995 இலேயே பதினெட்டு என்று வந்துவிட்டது. பதிவேட்டில் மணமகளின் கையொப்பம் தேவையில்லை. அவளுடைய பாதுகாவலரான வலீ போட்டால் போதும். காதி ஆணாகத்தான் இருக்கலாம். கணவன் தலாக் சொல்லக் காரணம் சொல்ல வேண்டியதில்லை; மனைவி பஸ்ஹு என்ற விவாகரத்துக் கேட்டால் காரணமும் சொல்ல வேண்டும், சாட்சியும் கொண்டுவர வேண்டும். காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணி ஆஜராகவும் முடியாது.

நான் பெண்களோடு துணைக்குப் போயிருக்கிறேன். சில இடத்தில் நீதிமன்றம் என்பது காதியின் வீட்டு விறாந்தைதான். பிளாஸ்டிக் கதிரைகள். முன்னால் கணவன், அவனுடைய காக்கா, வாப்பா, அயலில் இரண்டு பேர். பின்வரிசையில் கைப்பிள்ளையோடு இவள். "உங்கட வீட்டுக்காரர் அடிச்சதுக்கு ஆரு சாட்சி?" என்று கேட்பார்கள். அறைக்குள் நடந்ததற்கு யார் சாட்சி? தாபரிப்புக் காசு கேட்டால் சமூகத்தின் மானம் போகிறது என்று புத்தி சொல்வார்கள்.

2009 இல் ஒரு குழு போட்டார்கள். அறிக்கை கொடுக்க 2018 ஜனவரி ஆனது. இடையில் பேசிய பெண்களை "என்.ஜி.ஓ. காசு வாங்கினவள்" என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்ன ஊர்களும் உண்டு. பிறகு 2021 இல் "ஒரு நாடு ஒரு சட்டம்" என்று செயலணி போட்டு அதற்குத் தலைவராகப் பொது பல சேனாவின் ஞானசார தேரரை வைத்தார்கள். எங்களை வெறுக்கிறவர்கள் எங்கள் வலியைக் கையில் எடுத்தார்கள். உடனே எங்கள் ஆண்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "பார், அவனும் இதைத்தான் கேட்கிறான், நீயும் இதைத்தான் கேட்கிறாய்." முப்பது வருசமாகக் கேட்டு வந்த பெண்ணின் வாயை அந்த ஒரு வசனத்தில் அடைத்துவிட்டார்கள்.

எனக்கு என் தீன், என் மார்க்கம் வேண்டும் காக்கா. என் பர்தாவும் வேண்டும். அதோடு என் மகளின் நிக்காஹ்வில் அவளுடைய கையொப்பமும் வேண்டும். இதில் ஒன்றைக் கேட்டால் மற்றதை விட வேண்டும் என்று யார் விதித்தது?


திருக்கோவில் தம்பி எழுதியது:

அக்காமார் கோபிக்க வேண்டாம். வாசிக்கும்போது இது ஒரு சமயத்தின் உள்வீட்டுப் பிரச்சினை மாதிரித்தான் படுகிறது. நாங்கள் அம்மனையே கும்பிடுகிறவர்கள். வைகாசியில் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்தி பாடுகிற மண் இது. சீதனமாக வீடு வளவு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார், குடி என்கிற வம்சமும் தாய்வழி. கிழக்கில் பெண்ணுக்கு என்ன குறை?


கல்லடி டீச்சர் எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி, ஏனென்றால் பாதி உண்மை. வீடு பெண் பெயரில் இருப்பது பெரிய பலம். தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து வைத்திருக்கிற நல்ல வழக்கம் இது. ஆனால் குடியைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பாருங்கள். கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் பதவி குடிவழியாக வருகிறது. பள்ளிவாசல் மரைக்காரும் பழைய முறையில் அப்படித்தான். குடியோ தாயால் வருவது. அந்தப் பதவிக்கு உரித்தைக் கொடுப்பவள் தாய், பரிபாலன சபைக் கூட்டத்தில் உட்காருவது அவளுடைய சகோதரனும் மகனும். நம் பக்கத்தில் எத்தனை கோயில் சபையில் பெண் இருக்கிறாள், எண்ணிச் சொல்லுங்கள்.

யுத்தத்தில் புருசனை இழந்த பெண்கள் இந்த மாவட்டத்தில் எவ்வளவு பேர்! சொந்த மகளின் தாலி தொட்டு வணங்கும்போது "நீ கொஞ்சம் பின்னுக்கு நில்" என்று மற்றவர்கள் சொல்லக் கேட்டவர்கள் அவர்கள். அரசாங்கச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை, ஊர்தான் சொல்கிறது. சபரிமலைக்கு மாலை போடும் சாமிமார் நம் ஊர்களில் நிறையப் பேர். உங்களுக்கும் தெரிந்திருக்கும், 2018 செப்டம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் எல்லா வயதுப் பெண்களும் போகலாம் என்று 4-1 பெரும்பான்மையில் தீர்ப்புச் சொன்னது. ஐந்து பேரில் மாறாகத் தீர்ப்பெழுதியவர்தான் ஒரே பெண் நீதிபதி. போக வேண்டும் என்ற பெண்களும் பக்தைகள், போகமாட்டோம் என்று தெருவில் நின்ற பெண்களும் பக்தைகள். இரண்டு பக்கப் பெண்களையும் விட்டுவிட்டு அவரவர் கட்சிக்கு ஆள் சேர்த்தவர்களைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை.


செங்கலடி ரூபி எழுதியது:

நான் கலியாணத்துக்குப் பிறகு ஒரு சின்னக் கிறிஸ்தவ சபைக்குப் போகத் தொடங்கியவள். இங்கே எல்லோரும் பிறந்த சமயத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். மாறியவளைப் பற்றிப் பேச ஆளில்லை.

ஒரு ஆண் மதம் மாறினால் "அவனுக்குப் பைத்தியம்" என்று விடுவார்கள். பெண் மாறினால் யாரோ மயக்கிவிட்டார்கள், காசு கொடுத்தார்கள், பால்மா கொடுத்தார்கள். எனக்கென்று ஒரு புத்தி இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மாமியார் வீட்டில் சமைக்க விடவில்லை. எங்கள் ஜெபக் கூட்டம் நடந்த வீட்டுக்கு ஊர்ப் பெரியவர்கள் வந்தபோது பாஸ்டரோடு பேசவில்லை. வீட்டுக்காரப் பெண்ணைக் கூப்பிட்டு, உன் மகளுக்கு இந்த ஊரில் மாப்பிள்ளை கிடைக்காது பார் என்றார்கள்.

நைஜீரியாவில் டாப்சி என்ற ஊரில் 2018 பெப்ரவரியில் 110 மாணவிகளைப் பொக்கோ ஹராமிலிருந்து பிரிந்த ஒரு குழு கடத்தியது. ஒரு மாதத்தில் அநேகமாக எல்லோரையும் திருப்பி அனுப்பினார்கள். லியா ஷரிபு என்ற பதினாலு வயதுப் பிள்ளையை மட்டும் விடவில்லை. இயேசுவை விடமாட்டேன் என்று சொன்னதுதான் காரணம். அந்தப் பிள்ளைக்காக எங்கள் சபைப் பெண்கள் இப்போதும் ஜெபிக்கிறோம்.


கல்முனைச் சட்டத்தரணி எழுதியது:

ரூபி அக்கா சொன்னதுதான் இந்த விசயத்தின் சட்ட மையம். எங்கள் அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரை, தான் விரும்பும் மதத்தைக் கொண்டிருக்கவும் ஏற்கவும் ஒவ்வொருவருக்கும் சுதந்திரம் உண்டு என்கிறது. ஆளுக்கு உரிய உரிமை, ஊருக்கு உரியதல்ல. இதைப் பெயரளவில் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் உலகத்தில் பல சட்டங்கள் பெண்ணை இன்னொருவரின் சமயத்தோடு கட்டிப் போடுகின்றன. சூடானில் மெரியம் இப்ராஹிம் தாயால் கிறிஸ்தவராக வளர்க்கப்பட்டவர். தகப்பன் முஸ்லிம் என்பதால் சட்டம் அவரையும் முஸ்லிம் என்றது. அப்படியானால் கிறிஸ்தவரைக் கட்டியது கலியாணமே இல்லை, விபசாரம்; கிறிஸ்தவம் என்றது மதத் துரோகம். 2014 இல் மரண தண்டனை. சிறையில் காலில் விலங்கோடு பிள்ளை பெற்றார். உலகம் கத்திய பிறகு விட்டார்கள். 2020 இல் அந்தக் குற்றத்தையே சட்டத்திலிருந்து நீக்கினார்கள். பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் இந்து, கிறிஸ்தவச் சிறுமிகளைக் கடத்தி மதம் மாற்றிக் கலியாணம் முடிக்கிறார்கள் என்று பெற்றோர் வழக்குக்கு வருகிறார்கள். அங்கே 2014 இலிருந்து திருமண வயது பதினெட்டு. ஆனால் "தானாக வந்தாள்" என்ற ஒரு வாக்குமூலத்தோடு பல வழக்குகள் முடிகின்றன.

இலங்கையிலும் ஒன்று உண்டு, பலருக்குத் தெரியாது. திருச்சிலுவைக் கன்னியர் சபை தங்களைச் சட்டப்படி ஓர் அமைப்பாகக் கூட்டிணைக்கக் கேட்டது. படிப்பித்தலும் தொண்டும் செய்கிற சகோதரிகள். 2003 இல் உயர் நீதிமன்றம், மதம் பரப்புதலோடு பொருளுதவியும் சேர்வது அரசியலமைப்புக்கு ஒவ்வாது என்று மறுத்தது. சகோதரிகள் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போனார்கள். 2005 இல் அவர்கள் பக்கம் முடிவு வந்தது. பெண்கள் நடத்திய வழக்கு அது.

காக்காவுக்கு ஒரு வார்த்தை. மாலைதீவைச் சேர்ந்த அகமட் ஷகீட் ஐ.நா.வின் சமயச் சுதந்திர விசேட அறிக்கையாளராக 2019 ஆகஸ்டில் இங்கே வந்து போனார். அடுத்த வருசம் மனித உரிமைப் பேரவைக்கு அவர் கொடுத்த அறிக்கை, மதத்தின் பெயரால் பெண்களுக்கு நடக்கும் பாகுபாட்டைப் பற்றியது. சமயச் சுதந்திரத்தைக் காட்டிப் பெண் உரிமையை மறுக்க முடியாது என்பது அதன் சாரம். ஸீனத் ராத்தா விறாந்தையில் கண்டதும் அதற்குள் அடங்கும்.


அக்கரைப்பற்றுக் காக்கா எழுதியது:

ஸீனத் தங்கச்சியின் கையொப்பக் கதைக்கு என்னிடம் மறுப்பு இல்லை. எனக்கும் மூன்று பெண்மக்கள். ஆனால் சட்டத்தை மாற்றும் பேனா யார் கையில் இருக்கிறது என்பதில்தான் என் பயம், அதை விடமாட்டேன். ஈரானில் 1936 இல் ரேசா ஷா பொலிஸை விட்டுப் பெண்களின் சாதர் போர்வையை உருவினார். மானத்துக்குப் பயந்த பெண்கள் வீட்டை விட்டே வெளியே வரவில்லை. 1979 க்குப் பிறகு அதே நாட்டில் பொலிஸை விட்டு மூட வைத்தார்கள். 2022 செப்டம்பரில், முக்காடு சரியில்லை என்று பிடிபட்ட மஹ்சா அமினி காவலில் மௌத்தானார். பிரான்ஸ் 2023 இல் பாடசாலையில் ஹபாயாவைத் தடுத்தது. ஆப்கானிஸ்தானில் பெண்பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடமே இல்லை. இதில் எந்த அரசாங்கத்தின் பேனாவை நான் நம்ப?


சம்மாந்துறை உம்மா எழுதியது:

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு உலகக் கதை தெரியாது. என் மகள் சாதாரண தரம் எழுதப் போனபோது நடந்ததைச் சொல்கிறேன்.

பரீட்சை மண்டபத்தில் கணித வினாத்தாள் கொடுத்த பிறகு மேற்பார்வையாளர் வந்து, காது தெரியிற மாதிரி முந்தானையைத் தூக்கு என்றார். காதில் கருவி வைத்துப் பார்த்தெழுதுகிறார்களா என்று பார்க்க வேண்டும்தான், அது அவர்கள் கடமை. ஒரு டீச்சர் ஓரமாகக் கூட்டிப்போய்ப் பார்த்திருந்தால் ஒரு நிமிசம். எல்லாப் பையன்களுக்கும் முன்னால் ஊசியைக் கழற்றச் சொன்னார்கள். மகள் கழற்றிக் காட்டிவிட்டுத் திரும்பக் குத்தும்போது கை நடுங்கி ஊசி கன்னத்தில் கீறிவிட்டது. அன்றைக்குக் கடைசி இரண்டு கணக்கும் செய்யவில்லை. வீட்டுக்கு வந்தால் அவளுடைய வாப்பா என்ன சொன்னார் தெரியுமா? "நீ ஏன் கழற்றினாய்?"

2024 இல் திருகோணமலையில் எழுபது பிள்ளைகளின் உயர்தர முடிவைக் காது மூடியிருந்தது என்று நிறுத்தி வைத்தபோது, நான் அந்தத் தாய்மாரை நினைத்து இரண்டு இரவு தூங்கவில்லை. சின்ன மகள் அடுத்த வருசம் எழுதப் போகிறாள். இதற்கு என்ன செய்யலாம், யாராவது சொல்லுங்கள்.


கல்முனைச் சட்டத்தரணி எழுதியது:

உம்மா, பரீட்சைக்கு முன்னாலேயே அதிபரிடம் எழுத்தில் கொடுங்கள்: பெண் உத்தியோகத்தர் தனியாகப் பரிசோதிக்கட்டும் என்று. ஒரு பிரதியில் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமும் திகதியும் வாங்குங்கள். தனியாக இல்லாமல் வகுப்புத் தாய்மார் எல்லோரும் சேர்ந்து ஒரே கடிதத்தில் போட்டால் நல்லது. தமிழ்ப் பாடசாலையில் பரீட்சை நிலையம் விழுந்தால் அங்குள்ள அதிபருக்கும் ஒரு பிரதி.

அப்படியும் மண்டபத்தில் பிரச்சினை வந்தால் பிள்ளை முதலில் பரீட்சையை எழுதி முடிக்கட்டும். பிறகு அன்றைக்கே நடந்ததை நேரத்தோடு எழுதி வையுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் கல்முனையிலும் இருக்கிறது, மட்டக்களப்பிலும் இருக்கிறது. முறைப்பாட்டுக்குக் காசு இல்லை. அடிப்படை உரிமை வழக்கென்றால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்துவிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. பலர் இது தெரியாமல் நாளைத் தவற விடுகிறார்கள்.


ஸீனத், காத்தான்குடி எழுதியது:

உம்மா, கடிதத்தை நான் எழுதித் தருகிறேன். தனிச்செய்தியில் பாடசாலைப் பெயரை மட்டும் அனுப்புங்கள். வாப்பாவையும் கையொப்பம் போடச் சொல்லுங்கள்.


கல்லடி டீச்சர் எழுதியது:

எங்கள் பாடசாலை பரீட்சை நிலையமாக இருக்கும் வருசங்களில் மண்டபக் கடமைக்கு நானும் போகிறேன். அந்தக் கடிதத்தின் பிரதி ஒன்று எனக்கும் வேண்டும் ஸீனத்; எங்கள் அதிபரிடம் நானே கொடுக்கிறேன்.


சம்மாந்துறை உம்மா எழுதியது:

தமிழில் எழுதினால் எடுப்பார்களா?


கல்முனைச் சட்டத்தரணி எழுதியது:

எடுக்க வேண்டும் உம்மா. தமிழ் அரசகரும மொழி. எடுக்கமாட்டேன் என்றால் அதையும் எழுத்தில் கேளுங்கள்.